ஒரே கதவு உள்ள அறை

வாணிக்கு வேண்டியது ஒரு கதவு, அவ்வளவுதான். கிரானைட் தரை வேண்டாம், ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், வாசலில் சிங்க முகம் வைத்த தூண் வேண்டாம். கட்டப்போகும் வீட்டில் ஒரு படுக்கையறை, அதற்கு ஒரே ஒரு கதவு, அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். நைட் டியூட்டி முடிந்து வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். கேட்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. அதுதான் அவளுக்கு ஆத்திரம். பெரிய விஷயமாக இருந்தால் சண்டை போட்டாவது வாங்கிவிடலாம். இது சின்னது என்பதால் ஆளாளுக்குத் தலையை ஆட்டினார்கள், "உனக்கு இல்லாததா" என்றார்கள். பிளானைப் பிரித்துப் பார்த்தால் அது மட்டும் இருக்காது.

பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். முக்கால்வாசி நாள் நைட் டியூட்டிதான். காலையில் ரயிலைப் பிடித்துப் பங்காருபேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தங்கவயலுக்கு வந்து ஸ்கெலட்டன் என்ற குடியிருப்பில் இருக்கும் லைன் வீட்டுக்குள் நுழையும்போது ஊரே விழித்துக்கொண்டிருக்கும். லைன் வீட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்காகக் கம்பெனி கட்டிக் கொடுத்த வீடு. முன்னால் ஒரு அறை, அதன் பின்னால் சமையல் செய்யும் இடம், அதற்கும் பின்னால் பிற்பாடு அவரவர் கட்டிக்கொண்ட பாத்ரூம். வாசலில் நின்று பார்த்தால் கடைசிச் சுவர் வரை தெரியும். அந்த முன்னறையில்தான் கட்டில். கட்டிலுக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே ஒரு திரை.

திரைக்கு இந்தப் பக்கம் வாணி தூங்குவாள். அந்தப் பக்கம் மாமனார் துரை டிவி பார்ப்பார். குக்கர் விசில் அடிக்கும். கேஸ்காரன் வருவான், சிலிண்டரை உருட்டிக்கொண்டு அவள் கால்மாட்டில்தான் போவான். பக்கத்து வீட்டுச் சரோஜம்மா வருவாள். வந்து, திரையைத் தூக்கிப் பார்த்து, "தூங்கறியா வாணி?" என்பாள். ஆமாம் என்றால், "தூங்கு தூங்கு, சும்மாதான் கேட்டேன்" என்று திரையை விடுவாள். தூங்குகிறவளை எழுப்பி, தூங்குகிறாயா என்று கேட்டு, தூங்கச் சொல்லிவிட்டுப் போகிறவளை என்ன செய்வது? கல்யாணமாகி ஆறு வருஷமாகிறதே, வயிற்றில் ஒன்றும் இல்லையா என்று கேட்பதும் இதே சரோஜம்மாதான். கேட்கும்போதெல்லாம் அந்தத் திரையைக் கழற்றி அவள் கையில் கொடுக்கலாமா என்று வாணிக்கு வரும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நைட் ஷிஃப்ட் என்றால் என்ன என்று தெரியாத ஊரில்லை இது. துரை சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் அவருடைய பூட்ஸ் காலையில் வாசலில் கிடந்தால் அந்த லைனே வாயைப் பொத்திக்கொள்ளுமாம். "ஷிஃப்ட் முடிச்சிட்டு மனுசன் படுத்துகினு கீறாரு" என்று சொல்லிக் கோலி விளையாடும் பிள்ளைகளைத் துரத்துவார்களாம். மாமியார் பார்வதம்மா அம்மியில் கை வைக்காமல் பக்கத்து வீட்டில் போய் அரைத்துக்கொண்டு வருவாளாம். இதை எல்லாம் துரையே பெருமையாகச் சொல்லுவார். டிவியைக் கூட்டி வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்லுவார்.

"மாமா, நானும் நைட் ஷிஃப்ட்தான்" என்று ஒருநாள் வாணி திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"அது கீழ, பூமிக்குள்ள வாணி. நீ ஏசில கீற" என்றார் அவர்.

பார்வதம்மா செத்துப்போன பிறகு துரைக்கு இந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. சைட் வாங்கு, வீடு கட்டு என்று மகன் திலீப்பை நச்சரித்தது அவர்தான். அப்படித்தான் பங்காருபேட்டை ரோட்டில் முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்று அமைந்தது. காண்டிராக்டருக்குக் கொடுத்தால் அவன் இஷ்டத்துக்குக் கட்டுவான், நாமே பிளான் போட்டு, நாமே ஆள் வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. நாமே என்ற சொல்லைக் கேட்டு வாணி அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டாள்! அந்த நாமேயில் தான் இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

பிளான் போடும் நேரம் சாயங்காலம். அந்த நேரத்தில் அவள் பெங்களூர் ரயிலில் இருப்பாள். திலீப் ஒயிட்ஃபீல்டில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் பகல் ஷிஃப்ட். அவன் வீட்டுக்கு வருவதற்குள் அவள் கிளம்பிவிடுவாள். அவள் திரும்பும்போது அவன் கிளம்பிவிடுவான். மற்ற புருஷன் பெண்டாட்டிகள் வீட்டில் பேசுவார்கள். இவர்கள் பங்காருபேட்டை ஸ்டேஷன் மேம்பாலத்தில் பேசினார்கள். அவன் டிபன் பாக்ஸோடு ஏறி வருவான், அவள் சிவந்த கண்ணோடு ஏறி வருவாள், நடுவில் நின்று அவன் ஃபோனில் பிளானைக் காட்டுவான்.

முதல் தடவை பார்த்தபோது அறை இருந்தது. இரண்டாம் தடவை அந்த அறை பாதியாகியிருந்தது.

"இது இன்னா?"

"படிக்கட்டு. நாளைக்கு மாடி எடுத்தா வாடகைக்கு விடலாம் இல்ல? வெளிப்பக்கமா படி வெச்சாத்தான் சரியா வரும்."

"மாடி இப்ப இல்லதானே?"

"இப்ப இல்ல."

"இல்லாத மாடிக்குப் படி கீது. இருக்கற எனக்கு ரூம் இல்லையா?"

அவன் சிரித்தான். ரயில் வந்தது, போய்விட்டான். அவள் சொன்னது அவனுக்கு ஜோக். ஆட்டோவில் உட்கார்ந்து வீடு வரும்வரை அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் பிளானில் பூஜை அலமாரி வந்தது. நான்காம் பிளானில் ஹால் இன்னும் பெரிதானது. அது துரையின் வேலை. தனக்கென்று ரூம் எதுவும் வேண்டாம், ஹாலில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு கிடப்பேன், ஆனால் ஹால் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டால், "ஹாலு சின்னதா இருந்தா அது வூடா?" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். டிவிக்காகத்தான் என்று வாணி நினைத்தாள். பென்ஷன்காரர்கள் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு இன்னும் பெரிய டிவியில் இன்னும் பெரிய சத்தம் வைக்கப்போகிறார், வேறென்ன!

ஐந்தாம் பிளானிலும் அவள் கேட்டது இல்லை. தானே வரைவதென்று முடிவு செய்தாள். யார் இவர்கள் எனக்கு வரைந்து கொடுக்க? இரவு டியூட்டியில் வார்டு அடங்கிய பிறகு கிராஃப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள், அழித்தாள், திரும்பப் போட்டாள். படி வேண்டுமா, இந்தா படி. ஹால் வேண்டுமா, இந்தா ஹால். எல்லாருக்கும் கேட்டதைக் கொடுத்துவிட்டு, ஹாலுக்குப் பின்னால் தன் அறையை வைத்தாள். அதற்குப் பின்னால் சமையலறை, பாத்ரூம். அறையில் கட்டில் வரைந்தாள். ஜன்னல் வரைந்து, அதற்குக் கெட்டித் துணி மாட்டினால் வெயில் வராது என்று பக்கத்தில் எழுதிக்கூட வைத்தாள். முடித்ததும் அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அப்படி ஒரு பூரிப்பு. கூட இருந்த நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மறுநாள் தூங்கக்கூட இல்லை. நேராக ராபர்ட்சன்பேட்டையில் செல்ஃபோன் கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருக்கும் இன்ஜினியர் கௌதமிடம் போனாள். சின்ன வயசுக்காரன், பாதி கன்னடத்தில் பேசுவான், ஆனால் மரியாதை தெரிந்தவன். பேப்பரைக் கம்ப்யூட்டர் மேசையில் விரித்து, விரலால் ஹாலிலிருந்து கோடு இழுத்துக்கொண்டு போனான்.

"சன்னாகிதெ அக்கா, நல்லா போட்டிருக்கீங்க. சும்னே ஒண்ணு கேக்கறேன். உங்க மாவா ஹால்ல இருக்காங்க. பாத்ரூம் போகணும். எப்படிப் போவாங்க?"

வாணி பேப்பரைப் பார்த்தாள். ஹாலிலிருந்து அவள் அறைக்கு ஒரு கதவு. அவள் அறையிலிருந்து சமையலறைக்கு ஒரு கதவு. சமையலறைக்குப் பக்கத்தில் பாத்ரூம்.

"என் ரூம் வழியா" என்றாள்.

"தண்ணி குடிக்கணும்னா?"

அவள் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காது மடல் சுட்டது. ராத்திரி பூராவும் உட்கார்ந்து, அத்தனை பெருமையோடு அவள் வரைந்திருந்தது ஸ்கெலட்டன் லைன் வீட்டைத்தான். அதையே கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்கியிருந்தாள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, ஒன்றுக்குள் நுழைந்து ஒன்று. பிறந்தது ஒரு லைன் வீடு, வாக்கப்பட்டது ஒரு லைன் வீடு. ஒரே கதவு உள்ள அறையை அவள் சினிமாவில் பார்த்திருக்கிறாள், ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள். அதை வீட்டுக்குள் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவள் கைக்குத் தெரியவில்லை.

"பேஜார் பண்ணிக்காதீங்க அக்கா. இங்க வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் போட்டுக்கிட்டு வர்றாங்க. திலீப் அண்ணா போட்டதும் இதேதான்" என்றான் கௌதம். ஆறுதலுக்குச் சொன்னான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. திலீப்பை ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தாளே, அதே தப்பைத் தானும் செய்துவிட்டு வந்து நிற்கிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

கௌதம் வேறு பேப்பரை எடுத்து வரைந்து காட்டினான். அறைக்குப் பக்கவாட்டில் ஒரு நடைபாதை விட வேண்டும். சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் போகிறவர்கள் அதன் வழியாகப் போவார்கள். அறைக்கு ஹால் பக்கம் மட்டும் ஒரு கதவு. ஆனால் நடைபாதைக்கு இடம் விட்டால் அறை ஒடுங்கிவிடும், கட்டில் போட்டால் கதவு திறக்காது. அதனால் அறையை முன்பக்கமாக நீட்ட வேண்டும்.

"முன்பக்கம் இன்னா கீது?"

"ஹால். ஹால்ல நாலடி குறையும்."

"குறைஞ்சா குறையட்டும்" என்றாள் வாணி. நாலடி! வெறும் நாலடி. துரையின் டிவி நாலடி முன்னால் வந்தால் அவருக்குக் கண்ணுக்கு இன்னும் சௌகரியம் என்றுகூட நினைத்தாள்.

துரை ஒரே வார்த்தையில் முடித்தார். "முடியாது."

"ஏன் மாமா?"

"ஹால்ல கை வைக்காத. வேற எங்கனா எடுத்துக்க."

"வேற எங்கயும் இல்ல மாமா. கௌதம் பாத்துட்டான்."

"அவனுக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் டிவியைக் கூட்டினார். வாணி திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தாள். இஞ்சி பூண்டு விழுது வதங்கி எண்ணெய் பிரிந்து வரும்வரை வாணி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மேம்பாலத்தில் திலீப் சமாதானத்துக்கு வந்தான். சமாதானத்துக்கு வரும்போதுதான் அவன் மேல் அவளுக்கு அதிகக் கோபம் வரும். யார் பக்கம் என்று கடைசிவரை சொல்ல மாட்டான்.

"அப்பாவுக்கு வயசாச்சு வாணி. ஒரே ஒரு ஆசை கேக்கறாரு."

"எனக்கு எத்தன ஆசை கீது? நூறா?"

"நான் அப்பிடிச் சொல்லல. ரெண்டு கதவு இருந்தா இன்னா போச்சு? ஸ்க்ரீன் இருக்குல்ல, ஹோட்டல்ல எல்லாம் போடுவாங்களே, நல்லா கனமா. அத ரெண்டு பக்கமும் போட்டுக்கலாம்."

திரை. ஆறு வருஷம் திரைக்குப் பின்னால் கிடந்தவளிடம் கனமான திரை! வாணிக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல இருந்தது. மேம்பாலத்தில் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். "நான் நேத்து ராத்திரி ஊசி போடறப்ப கண்ணு சொக்குச்சுங்க. எனக்கு பயமா இருந்துது" என்றாள். இதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவன் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனுடைய ரயில் வந்துவிட்டது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கிங். பிளானில் இருக்கும் வீட்டை அதே அளவில் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கோட்டின் மேல்தான் அஸ்திவாரத்துக்குத் தோண்டுவார்கள். மார்க்கிங் முடிந்தால் முடிந்தது, அப்புறம் யார் நினைத்தாலும் சுவரை நகர்த்த முடியாது. முந்தின இரவு வாணிக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ டியூட்டி முடிச்சு நேரா சைட்டுக்கு வந்துடு, கௌதம் போட்ட புது பிளான்தான், நான் பேசிட்டேன்" என்று திலீப் ஃபோனில் சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் அவள் ரயிலில் கொஞ்சம் கண்ணசந்தாள்.

சைட்டில் வெயில் ஏறிவிட்டிருந்தது. மேஸ்திரி நாகேஷ் முளையடித்து, நூல் கட்டி, பாதிக்கு மேல் கோடு போட்டு முடித்திருந்தார். துரை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலுக்கு நடுவில் நின்றிருந்தார். கௌதம் அவளைப் பார்த்ததும் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். திலீப் செருப்பைப் பார்த்தான். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தரையைப் பார்த்தாள். ஹால் பழைய ஹால்தான். அதன் பின்னால் அவள் அறை. அறையின் இரண்டு பக்கமும் கோட்டில் கதவுக்காக இடைவெளி விட்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் சமையலறைக் கோட்டுக்குள் நின்றிருந்த நாகேஷ் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். சுற்றிலும் வெட்டவெளி, எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அவர் ஒழுங்காகக் கதவு இடைவெளியில் நுழைந்து, வாணியின் அறைக்குக் குறுக்கே நடந்து, அடுத்த கதவு இடைவெளியில் வெளியே வந்தார். சுவர்கூட இன்னும் எழும்பவில்லை, அதற்குள் அவள் அறைக்குள் போக்குவரத்து தொடங்கிவிட்டது!

"இன்னாங்க இது?" என்றாள் திலீப்பிடம்.

"அப்பா கேக்கலடி. அப்புறமா பாத்துக்கலாம்னு..."

"அப்புறமான்னா? சுவரு எழும்பின அப்புறமாவா?"

அவள் கைப்பையைக் கீழே போட்டாள். நாகேஷின் வாளியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாள். ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் இருந்த கோட்டைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டே போனாள். ராத்திரி பூராவும் நின்ற கால் கடுத்தது, புடவை ஓரம் வெள்ளையானது, அவள் நிறுத்தவில்லை. கடைசி முனை வரை அழித்துவிட்டு ஹாலுக்குள் நாலடி தள்ளி நின்று, டப்பாவைக் கவிழ்த்துப் புதுக் கோடு போட்டுக்கொண்டே போனாள்.

"ஹாலத் தொடாத வாணி" என்றார் துரை.

"இன்னாத்துக்கு மாமா உங்களுக்கு இவ்ளோ பெரிய ஹாலு? டிவிக்கா? ஒரு தடவையாவது வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

துரை அவளைப் பார்த்தார். சொல்லாமல் விட்டுவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"உங்க அத்தைய எங்க வெச்சோம்?" என்றார்.

நாகேஷ் கையிலிருந்த நூலைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"தெருவுல வெச்சோம். உள்ள வைக்க எடமில்ல. கட்டில எடுத்துப் போடணும், பீரோவ நகத்தணும், அப்பவும் சுத்தி நிக்க முடியாது. தெருவுல பெஞ்சியப் போட்டு வெச்சோம். மழ ஊத்துது. நீதானே தார்ப்பாய ஒரு முனைல புடிச்சிகினு நின்ன? அவ மூஞ்சி மேல சொட்டிகினே இருந்துது. நான் துண்டால தொடைக்கறேன், திரும்ப சொட்டுது. நான் தூங்கணும்னு வாழ்நாளெல்லாம் சத்தம் போடாம நடந்தவ. அவளப் படுக்க வைக்க எனக்கு ஒரு எடம் இல்ல." அவர் மூச்சு வாங்கினார். "நான் எங்கூட்டு ஹால்ல கெடக்கணும். சுத்தி நாலு பேரு நிக்கணும். நனையாம போவணும். அதுக்குத்தான் கேட்டேன்."

வாணிக்கு அந்த மழை நினைவிருந்தது. தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்த கை மரத்துப்போனது நினைவிருந்தது. மாமியாரின் நெற்றிக் குங்குமம் கரைந்து காதோரம் இறங்கியதை அவளும் பார்த்திருந்தாள். பாவம் மனிதன், இதை மனசில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் டிவியைக் கூட்டினார் என்று நெஞ்சு கனத்தது. ஆனால் இரக்கம் வந்துவிட்டால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? கோபம் அப்படியே இருந்தது.

"நீங்க அப்பிடி ஒரு நாள்தான் மாமா படுப்பீங்க" என்றாள். "நான் தினமும் படுக்கணும்."

திலீப் நிமிர்ந்தான். "இன்னா பேச்சு பேசற நீ? பெரிய மனுசன்கிட்ட..."

"நீ கம்முனு இரு" என்றார் துரை, மகனைப் பார்க்காமலே.

சொல்லியிருக்கக் கூடாது என்று வாணிக்கு அந்த நிமிஷமே பட்டது. திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. சொன்னது பொய்யா? இல்லை. துரை தரையைக் குனிந்து பார்த்தார். அவள் கோணல்மாணலாகப் போட்ட சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். அப்புறம் நாகேஷைப் பார்த்தார்.

"அந்தக் கோட்டுல நூலக் கட்டு. நேரா கட்டு."

நாகேஷ் திலீப்பைப் பார்த்தார், கௌதமைப் பார்த்தார். கௌதம் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு, "ஆய்த்து, சரி, கட்டுங்க" என்றான். முளையைப் பிடுங்கி, நாலடி தள்ளி அடித்து, நூலைக் கட்டினார்கள். நூலுக்குக் கீழே புதுக் கோடு விழுந்தது, அறைக்குப் பக்கவாட்டில் நடைபாதைக்கும் கோடு விழுந்தது. அறையின் பின்பக்கக் கதவு இடைவெளியை நாகேஷ் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு போட்டு மூடினார். வாணி மூச்சை விட்டாள்.

துரை தோளில் இருந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்தார். உட்காரப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, கையை ஊன்றி, அந்தக் குறைந்துபோன ஹாலின் நடுவில் மல்லாந்து படுத்தார். தெற்கே தலை வைத்துப் படுத்தார். காலைச் சேர்த்து வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் மண் ஒட்டியது.

"இன்னாப்பா இது? எழுந்திருப்பா" என்று திலீப் ஓடிவந்தான்.

"நில்லுடா. சுத்தி நில்லுங்க எல்லாரும். பாக்கணும்."

திலீப்புக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தலைமாட்டில் நின்றான். நாகேஷ் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பக்கம் நின்றார். கௌதம் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு பக்கம் நின்றான். மிச்சம் இருந்தது கால்மாடு. புதுக் கோட்டின் பக்கம் அதுதான். வாணி அங்கே போய் நின்றாள்.

"இடிக்குதா வாணி?" வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தன் குதிகாலுக்கும் நூலுக்கும் நடுவில் இன்னும் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம்.

"இல்ல மாமா. எடம் கீது."

"எனக்காவச் சொல்லாத."

"நெஜமாத்தான் மாமா. எடம் கீது, எழுந்திருங்க." அவள் குரல் உடைந்துவிட்டது. அழக் கூடாது என்று எவ்வளவு உதட்டைக் கடித்துப் பார்த்தும் முடியவில்லை.

"அப்ப நீ உன் கதவப் போட்டுக்க" என்றார் துரை.

அவள் குனிந்து கையை நீட்டினாள். அவர் அதைப் பிடிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார்.